பீளமேட்டில் ஒரு பம்ப் செட்

கோயமுத்தூருக்குப் போனால் மருதமலை ஏறலாம், பேரூர்க் கோயிலைப் பார்க்கலாம், சிறுவாணித் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்கலாம். நான் போய்ப் பார்த்ததோ ஓர் எலும்புக் கூட்டை! முகத்தைச் சுளிக்காதீர்கள், நேயர்களே. உங்களுக்கு உள்ளேயும் ஒன்று இருக்கிறது.

அவிநாசி ரோட்டில் பீளமேட்டில் இருக்கிறது, 1966-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. உடற்கூறு இயல் பகுதியில் கால் வைத்ததுமே பார்மலின் நெடி தாக்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அழுகாதீங்க சார், பழகிரும்" என்று தேற்றினார் ஒரு மாணவர்.

எலும்புக் கூட்டுக்காரர் நின்றபடியே வரவேற்றார். பிறக்கும்போது நமக்குச் சுமார் 300 எலும்புகள். வளர வளரச் சில ஒன்றோடொன்று கூடி, கடைசியில் 206 ஆகிவிடுகின்றன. அவற்றில் மணிக்கட்டோடு சேர்த்து இரண்டு கைகளில் 54; பாதங்களில் 52. அதாவது, பாதிக்கு மேல் கை கால்களின் கோடியிலேயே போய் உட்கார்ந்திருக்கின்றன. தலைக்கனம் பிடித்தவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு!

அப்போதுதான் அன்னூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகனோடு வந்தார். நாற்பது வருஷம் பம்ப் செட் ரிப்பேர் செய்தவராம். தம் உடலைக் கல்லூரிக்குத் தானம் செய்ய எழுதிக் கொடுக்க வந்திருந்தார். பேராசிரியை அம்மாள் இருதயத்தின் மாதிரி உருவம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இந்தக் கதவெல்லாம் நம்ம புட்வால்வு மாதிரிங்களா?"

"அதேதாங்க. ஒரு பக்கமாத்தான் திறக்கும். ஏறின ரத்தம் திரும்ப இறங்காது. அந்த மாதிரி நாலு வால்வு."

கைமுஷ்டி அளவு, எடை சுமார் 300 கிராம், நிமிஷத்துக்கு 5 லிட்டர், நாளொன்றுக்கு 7,000 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது என்றார் அம்மாள். பெரியவருக்கு அடுத்த சந்தேகம், மோட்டாரை நிறுத்தாமல் எப்படிப் பழுது பார்ப்பது? அறுவை செய்யும்போது வெளியே ஒரு யந்திரம் அந்த வேலையைச் செய்யுமாம். "அப்ப, அங்கயும் ஒரு பம்ப்பு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

இதையெல்லாம் தமிழில் கேட்டபோது எனக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஞாபகம் வந்தது. அங்கே அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று உடற்கூற்று நூலும் வெளியிட்டார்.

மகன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கய்யனுக்குக் கொள்ளி வெக்க வேண்டாமுங்களா?" என்றார், தரையைப் பார்த்தபடி.

அம்மாள் வற்புறுத்தவில்லை. பெரியவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. காலமான பின் குடும்பத்தார் மனமொப்பித் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் கல்லூரி கேட்க முடியாது. முதல் வருஷ மாணவர்கள் கத்தியைத் தொடுமுன், அந்த உடலைத் தங்கள் முதல் ஆசிரியராக மதித்து உறுதிமொழி எடுக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

"கெணத்துல எறங்காம எவனுக்குடா பம்ப்பு வேல வந்துச்சு? இந்தப் பசங்க எதுல எறங்குவாங்க?" என்றார் பெரியவர்.

மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றனுங்க" என்று விண்ணப்பப் பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவில்லை, அதுவே பெரிய காரியமாகப் பட்டது எனக்கு.

கிளம்பும்போது நானும் ஒரு பாரம் கேட்டு வாங்கினேன். பையில் இருக்கிறது. வீட்டில் இன்னும் காட்டவில்லை. என் மனைவி இந்த இதழைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.