கட்டி கரையவில்லை... ஆனால் அம்மாவுக்குத் தெம்பு வந்தது!

என் அம்மாவுக்கு 46 வயது. மாதவிடாய் என்றால் எட்டு, ஒன்பது நாள் நீடிக்கும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஸ்கேனில் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருப்பது தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தச்சோகை.

"கழற்சிக்காய் சாப்பிடுடி, கட்டி கரைஞ்சிடும்" என்றார் பெரியம்மா. அம்மா டாக்டரிடமே கேட்டார். "எந்தச் சாப்பாடும் கட்டியைக் கரைக்காதும்மா. ஆனா, நீங்க இழக்குற ரத்தத்தை ஈடுகட்ட உதவும்" என்றார் அவர்.

இரும்பு மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றினோம். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. டீயிலுள்ள டானின், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். முருங்கைக்கீரை, சுண்டல், வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல். கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

இதில் கஷ்டமானது சமையல் இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடுவதுதான் அம்மாவின் வழக்கம். ஈரல் அவர் தட்டுக்கு வந்ததே இல்லை. இப்போது எங்களோடு உட்கார வைத்து, அவருக்குத்தான் முதலில் வைக்கிறோம்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6. கட்டி அப்படியேதான் இருக்கிறது. மருந்தா, அறுவை சிகிச்சையா என்று டாக்டரிடம் நிதானமாகப் பேச அம்மாவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவுக்கு ரத்தப்போக்கு இருந்தால், கீரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள்.