மேலே மிதப்பவர் பக்கம்: சில குறிப்புகள்

முப்பது மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எல்லா டைவிங் சென்டரிலும் சொல்வார்கள். முதல் மூன்று மீட்டரில் என்ன இருக்கிறது என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். ஒருவர் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குபவர், மற்றவர் ஸ்நார்க்கல் குழாயைக் கவ்விக்கொண்டு மேலே மிதப்பவர். இப்படிப்பட்ட தம்பதி எந்த ஊருக்குப் போவது என்பதை அந்த மூன்று மீட்டரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இவர் இறங்குபவர், நான் மிதப்பவள். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

*

முதலில் எங்கள் கடல். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாசலிலேயே கடல் இருக்க வேறு எங்கே போவது என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்திலிருந்து வந்த குழு ஒன்றும் சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு எதிரே நீருக்குள் தேடின. கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரம், ஆழம் 5 முதல் 8 மீட்டர். அங்கே சிதைந்த சுவர்கள், படிகள், சதுரமாக வெட்டிய கற்கள் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் மட்டியும் கொட்டலசும் அப்பியிருந்தன. சுனாமிக்குப் பிறகு 2005இல் இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் இறங்கிப் பார்த்தன.

எட்டு மீட்டர் என்பது பெரிய ஆழமே இல்லை. லட்சத்தீவின் தெளிந்த நீரில் அந்த ஆழத்தில் ஒரு கல் கிடந்தால், மேலே மிதந்தபடியே அதன் விளிம்பைப் பார்த்துவிடலாம். இங்கே அது நடக்காது. மழைக்காலத்தில் பாலாறு கொண்டுவரும் வண்டல் ஒரு பக்கம். ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் கரையோடு மணல் நகர்ந்துகொண்டே இருப்பது இன்னொரு பக்கம். மணலை நகர்த்தும் இந்த நீரோட்டங்களுக்கு மீனவர்கள் தெண்டி, வன்னி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றின் மேல் அலை வேறு. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை மாமல்லபுரத்தில் நடத்தினார்கள். அந்த விளையாட்டுக்கு வேண்டிய அலைதான் ஸ்நார்க்கலுக்கு முதல் எதிரி. அது அடி மணலைக் கிளப்பித் தண்ணீரை டீ நிறமாக்கிவிடும்.

பவளமும் இங்கே கிடையாது. தமிழ்நாட்டில் பவளத்திட்டுகளைப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும்தான் போக வேண்டும். கோவளம், மாமல்லபுரம் பக்கம் இருப்பவை பாறைத் திட்டுகள்; மீனவர் பேச்சில் ‘பார்’. கடல் அமைதியான நாளில் படகில் போய் அங்கே இறங்குகிறவர் நிறைய மீன் பார்ப்பார். மேலே மிதப்பவர் பச்சைத் தண்ணீரைத்தான் பார்ப்பார்.

ஆனால் பழகிக்கொள்ள இதுவே சரியான ஊர். ஈசிஆர் ஓரத்து நீச்சல்குளம் ஒன்றில் மாஸ்க் போட்டு, குழாய் வழியாக மூச்சுவிட்டுப் பழகாமல் யாரும் விமானம் ஏறக் கூடாது. ஊருக்குப் போய் அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் இரண்டு நாளும் உப்புத்தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும்.

*

2021 பிப்ரவரியில் நீலாங்கரைக்கு எதிரே, ஏறத்தாழ 60 அடி ஆழத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. பட்டுப்புடவை, வேட்டி, மாலை எல்லாம் கடலடியில். மாப்பிள்ளை ஏற்கெனவே முக்குளிக்கத் தெரிந்தவர். பெண் அந்தக் கல்யாணத்துக்காகவே பயிற்சி எடுத்துக்கொண்டார். கடல் அடங்கும் நாளுக்காகக் காத்திருந்து இறங்கினார்கள் என்று செய்தியில் படித்தேன்.

அந்தப் பெண்ணின் துணிச்சல் எனக்குப் பிடித்தது. அதே சமயம், எல்லாப் பெண்களும் அப்படி இறங்கியாக வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. காது அழுத்தம், சைனஸ், ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம், அல்லது இறங்கப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணம். எதுவானாலும் போதுமான காரணம்தான். மிதப்பது இறங்கத் தெரியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு அல்ல. நீருக்குள் முதலில் மங்குவது சிவப்பு. ஐந்து மீட்டர் தாண்டினாலே அது மங்கத் தொடங்கும், இன்னும் கீழே போனால் எல்லாமே நீலச்சாம்பல். இவர் டார்ச் அடித்துப் பார்க்கும் நிறத்தை நான் வெயில் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுகிறேன்.

*

தூத்துக்குடிச் சங்குகுளியில் ஒரு வழக்கம் சொல்வார்கள். குளிப்பவர் கீழே போக, தோணியில் கயிறு பிடிப்பவர் அவருடைய மச்சானாக, அதாவது மனைவியின் அண்ணன் தம்பியாக இருப்பாராம். உடன்பிறந்தவளின் தாலி அவர் கையில். மேலே இருப்பவருக்கு அந்தத் தொழிலில் அவ்வளவு மதிப்பு. இன்றைய சுற்றுலாப் படகில் மேலே இருப்பவருக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் ஒரு வாழைப்பழமும்தான் கிடைக்கின்றன.

*

டைவ் படகின் ஒரு நாளை எழுதிவைக்கிறேன். காலையில் சீக்கிரம் கிளம்பும். முதல் இறக்கம், நடுவில் ஒரு மணி நேரம் போல ஓய்வு, இரண்டாவது இறக்கம், மதியம் கரை. இறங்குபவர்களுக்கு ஏற்ற இடமாகப் பார்த்துத்தான் படகு நிற்கும். இருபது மீட்டருக்குக் கீழே உள்ள பாறை என்றால், நான் குனிந்து பார்க்கிறபோது தெரிவது நீலமும், மேலே வரும் குமிழிகளும் மட்டும். அறையில் இருந்துவிட்டாலோ பாதி நாள் தனியாக. இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு வழி உள்ள ஊர்தான் நமக்கு வேண்டும். திட்டின் உச்சி இரண்டு மூன்று மீட்டரில் தொடங்கி, ஓரம் செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும். அப்போது இருவரும் ஒரே சுவரைப் பார்க்கலாம், அவர் இடுப்பை, நான் தலையை. அல்லது கரையிலிருந்தே நடந்து இறங்கும்படி பவளம் இருக்க வேண்டும், படகே வேண்டாம்.

*

அந்தமான். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் போல விமானம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் இப்போது ஷஹீத் தீவு. படகுக்காரர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

முக்குளிப்பவர்கள் ஹேவ்லாக்கில் கேட்பது டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ். இரண்டும் ஆழம். மிதப்பவருக்கு அங்கே எதுவும் இல்லை. மிதப்பவரை எலிஃபன்ட் பீச்சுக்கு அனுப்புவார்கள். பத்து மணிக்கு மேல் அங்கே ஜெட் ஸ்கீ சத்தம்தான். மிதவை வளையத்தில் உட்காரவைத்து ஒரு பையன் இழுத்துக்கொண்டு போவான், பத்து நிமிடத்தில் கரை. முதல் படகில் போனால் நிலைமை வேறு.

எனக்குப் பிடித்தது இரண்டாம் எண் கடற்கரையிலிருந்து நடந்தே இறங்கும் நீமோ ரீஃப். இவர் ஒரு வழிகாட்டியோடு எட்டு பத்து மீட்டரில் போக, நான் இன்னொரு வழிகாட்டியோடு மேலே. கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் ஒன்று, நான் அருகில் வந்ததும் உள்ளே போய், முகத்தை மட்டும் நீட்டி, மறுபடி என்னை விரட்ட வெளியே வந்தது. கட்டைவிரல் நீளம் இருக்காது. காது நீருக்குள் இருக்கும்போது கறுக் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் அது. சிலிண்டரில் மூச்சுவிடுபவர் தன் குமிழிச் சத்தத்தில் இதைப் பாதி இழந்துவிடுகிறார்.

ஓதம் பார்க்காமல் அங்கே அறை போடக் கூடாது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் நீர் வற்றினால் வெகுதூரம் வெறும் கல்லும் சேறும்தான். ஏற்ற நேரம் எது என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். அந்த ஓய்வு பவளத்துக்குத் தேவை. இந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

*

லட்சத்தீவு. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கொச்சி வழியாக அகத்திக்குப் போக வேண்டும், செலவும் ஆகும். இவற்றைத் தாண்டினால் இந்தியாவில் மிதப்பவருக்கு இதைவிட நல்ல நீர் கிடையாது. வளையத் திட்டு வெளியலையைத் தடுத்துவிடுவதால் காயல் குளம்போல் கிடக்கும். வெளிச்சுவரில் முக்குளிப்பு. கத்மத், பங்காரம் இரண்டிலும் இது சரிவரும். மே நடுவோடு பருவம் முடிகிறது.

*

திருகோணமலை. நம் ஆட்கள் இதை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. நம் பள்ளி விடுமுறை தொடங்கும்போதுதான் அங்கே கடல் அமைதியாகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து சாலை வழி. படகுக்காரரிடம் தமிழிலேயே பேசலாம். ‘அக்கா, பயப்பட வேணாம், நான் பக்கத்திலதான் நிப்பன்’ என்று ஒருவர் சொன்னதில் பாதி பயம் போய்விட்டது.

நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கரையிலிருந்து படகில் சில நிமிடம்தான். இடுப்பளவு, தலையளவு நீரிலேயே முருகைக்கல் (பவளத்துக்கு அங்கே அந்தப் பெயர்), அதன் மேல் கருந்துடுப்புச் சுறாக்குட்டிகள். முழங்கை நீளம் இருந்த ஒன்று என் நிழலைக் கண்டு சட்டென்று திரும்பிப் போனது. கூட்டத்தில் காலை ஊன்றி முருகைக்கல் மேல் நிற்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஐம்பது ஆண்டில் வளர்ந்தது ஒரு மிதியில் போகும். வார நாளில், காலையிலேயே போங்கள், காலை ஊன்றாதீர்கள்.

இறங்குபவருக்குக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடி. 1950களில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இறங்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைக் கண்ட இடம் அது. மாமல்லபுரம் பக்கத்துக்காரியான எனக்கு இது பெரிய விஷயம். கோயில் மேலே, கோயில் கீழே. அவர் கீழே பார்க்கும் நேரத்தில் நான் மேலே சாமி கும்பிடலாம். மட்டக்களப்புக்கு எதிரே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது சாதாரணச் சான்றிதழுக்கு எட்டாத ஆழம். அதைக் கேட்டு அடம்பிடிக்கும் கணவரைத் தனியாக அனுப்பிவிடலாம்.

*

மாலத்தீவில் பா அடோலில் ஹனிஃபாரு குடா. தென்மேற்குப் பருவத்தில் மிதவை உயிரிகள் அங்கே குவியும்போது மந்தாத் திருக்கைகள் கூட்டமாக வரும். அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை, ஸ்நார்க்கல் மட்டும்தான். இறங்குபவரும் சிலிண்டரைக் கழற்றிவிட்டு நம்மோடு மிதக்க வேண்டும். தென் அரி அடோலின் திமிங்கலச் சுறாவும் மேல்மட்டத்தில் நீந்துவதுதான்.

*

டல்லாஸில் இருக்கும் சித்தி மகளுக்கு எழுத வேண்டியது. அவளுக்கும் இதே பிரச்சினை, கடல் மட்டும் கரீபியன்.

பெலீஸின் புளூ ஹோல் படத்தைக் காட்டி மயங்கவைப்பார்கள். 124 மீட்டர் ஆழமான குழி அது. அதன் அழகு விமானத்திலிருந்து தெரிவது. அதை நம்பி ஒரு நாள் முழுக்கப் படகில் உட்காராதே. பெலீஸுக்கே போவதானால் ஹோல் சான் கடற்காப்பகம் உனக்குச் சரி. கொசுமெலில் நீரோட்டத்தோடு அடித்துக்கொண்டு போவதுதான் டைவிங். அவருக்குச் சொர்க்கம், நீ தனிப் படகு கேட்க வேண்டியிருக்கும். கேமனில் முட்டிவரை, இடுப்புவரை நீரில் நின்று திருக்கைகளைப் பார்க்கலாம். ஆனால் விலை அதிகம்.

என் ஓட்டு போனேருக்கு. தீவைச் சுற்றிய கடலை 1979லேயே காப்பகமாக்கிவிட்டார்கள். வணிகக்காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குக் கரை அடங்கிக் கிடக்கும். சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள். ஒவ்வொன்றும் ஓர் இறங்குமிடம். வண்டியை நிறுத்து, நட, இறங்கு. திட்டு கரைக்குப் பக்கத்திலேயே சரிகிறது. அவர் சரிவில், நீ அதன் விளிம்பில். படகு நேரம், வாந்தி, கழிப்பறை என்று எந்தக் கவலையும் இல்லை.

கழிப்பறை என்று எழுதிவிட்டேன், எழுதத்தான் வேண்டும். பல டைவ் படகுகளில் அது கிடையாது, உடை மாற்ற மறைவும் கிடையாது. பதிவு செய்யும்போதே கேள். கண்ணாடி போடுபவள் நீ. பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் முன்கூட்டியே வாங்கிவிடு. முழுக்கைச் சட்டை, முழுக்கால் லெக்கிங்ஸ். மிதப்பவருக்கு முதுகும் முழங்கால் பின்புறமும்தான் வெந்துபோகும்.

*

ஒரு வருத்தம். கடல் சூடானால் முதலில் வெளுப்பது மேல்மட்டத்துப் பவளம். அந்தமானில் 2010இல் அதுதான் நடந்தது. 2024 ஏப்ரலில் உலகளவில் நான்காவது பெருவெளுப்பு என்று அறிவித்தார்கள், லட்சத்தீவும் தப்பவில்லை. ஆழத்தில் போகிறவர் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று ஏறி வருவார், மேலே இருப்பவள் எலும்புக்கூடு போன்ற கற்களின் மேல் மிதந்திருப்பாள். ஆகவே ஐந்து ஆண்டுக்கு முந்தைய படங்களை நம்பாதீர்கள். ‘மூன்று மீட்டரில் இப்போது உயிரோடு என்ன இருக்கிறது, இந்த மாதத்துப் படம் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அனுப்பாத இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

*

பயணத் திட்டம் போடுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பல முறை இறங்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அந்தக் கடைசி நாளில் அவரால் சிலிண்டர் கட்ட முடியாது. ஆனால் மூச்சடக்கி ஆழம் போகாமல் மேலே மிதக்கலாம். ஊரின் மிக நல்ல ஸ்நார்க்கல் இடத்தை அந்த நாளுக்கென்று எடுத்துவையுங்கள், இருவரும் சேர்ந்து போங்கள்.