ஒர்லாந்தோ சாகும் இரவு

சூப்பர்மேன் படங்கள் ஏன் திரும்பத் திரும்ப நடுவழியில் நின்றுபோகின்றன என்ற வாக்குவாதத்தை எங்கள் பெடியள் தொடங்கினால் அது லேசில் முடியாது. பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் இத்தாலியன், கோபம் வந்தால் சிசிலியன். கோடை இரவுகளில் வுச்சீரியாச் சந்தையின் கரச்சோலோ சதுக்கத்தில், ஆட்டுக்குடல் சுடும் புகை கண்ணைக் கரிக்க, அவித்த பேய்க்கணவாயில் எலுமிச்சை பிழிந்தபடி அவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய விருப்பம். 1938இல் காகிதத்தில் பிறந்த ஒரு வீரனுக்காக இன்றும் இருபது வயதுப் பிள்ளைகள் தொண்டை கட்டக் கத்துகிறார்கள் என்றால் அது சின்ன விசயமில்லை.

ஒருவன் எல்லாப் பழியையும் காசின் மேல் போடுவான். 1978இல் ரிச்சர்ட் டோனர் எடுத்த படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் பறந்ததை உலகமே நம்பியது. 1987இல் வந்த நாலாவது படத்தை கேனன் நிறுவனம் செலவை வெட்டிக் குறைத்து எடுத்தது. பறப்பதே பொய்யாகத் தெரிந்தது. அதோடு பத்தொன்பது வருட மௌனம். இன்னொருத்தி தயாரிப்பாளர்களின் தடுமாற்றத்தைச் சொல்வாள். டிம் பர்ட்டன் இயக்க, நிக்கோலஸ் கேஜ் நடிக்கவிருந்த படம், ஆடை தைத்துப் போட்டுப் பார்த்த பிறகு 1998இல் கைவிடப்பட்டது. 2006இல் பிராண்டன் ரௌத் வந்தார், ஒரே படத்தோடு போனார். 2013இல் ஹென்றி காவில் வந்தார். மற்ற வீரர்களோடு சேர்ந்து தோன்றினாரே தவிர, அவருக்கென்று தனியாக இரண்டாவது படம் வரவே இல்லை. மூன்றாவது பிள்ளை எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "அவனை ஒருத்தராலும் ஒண்டும் செய்யேலாது மாமா. பிறகு பாக்கிறவனுக்கு எப்பிடிப் பயம் வரும்?"

இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் உலகம் முழுவதும் ரசிகர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஒருநாளும் ஏற்றதில்லை. ஒருத்தராலும் ஒன்றும் செய்ய முடியாத வீரனை இந்த ஊர் நூறு வருடத்துக்கும் மேலாக இரவு இரவாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பெயர் ஒர்லாந்தோ. சார்லமேன் சக்கரவர்த்தியின் தங்கை மகன், எங்கள் முறைப்படி மருமகன். உள்ளங்காலைத் தவிர உடம்பில் வேறெங்கும் வாள் இறங்காது. மூன்று மனிதர் பலம் என்றில்லை, ஒரு படையின் பலம். பலெர்மோவின் பாவைக்கூத்தில், அதாவது இங்குள்ளவர்கள் ஓப்பெரா தெய் பூப்பி என்று சொல்லும் அந்த மரப்பாவை நாடகத்தில், ஒன்றரைக் கண்ணோடு நிற்கும் கவசக்காரன் அவன்தான்.

கரச்சோலோ சதுக்கத்திலிருந்து கடல்பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்தால் அந்தோனியோ பஸ்குவலினோ பாவை அருங்காட்சியகம் வரும். பஸ்குவலினோ அறுவை மருத்துவர். பாவைக்கூத்துக் குடும்பங்கள் பிழைப்புக்கு வழியின்றித் தங்கள் பாவைகளைப் பழம்பொருள் வியாபாரிகளுக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைத் தேடிச் சேர்த்தவர். 1975இல் அருங்காட்சியகத்தை நிறுவினார். அங்கே பலெர்மோப் பாவையையும் கத்தானியாப் பாவையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். கத்தானியாவுடையது பெரியது, பாரமானது, முழங்கால் மடங்காது, கையில் வாள் எப்போதும் உருவியபடி. பலெர்மோவுடையது ஒரு மீற்றருக்கும் குறைந்த உயரம், முழங்கால் மடங்கும், வாளை உருவும், திரும்ப உறையில் போடும். மண்டியிட்டுக் கும்பிடவும், கோபத்தை அடக்கி வாளை உறையில் தள்ளவும் தெரிந்த வீரன் என்பதால் எனக்கு இவன்மேல் கூடுதல் பிரியம்.

ஆனால் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும் பாவைகளை விட என்னைப் பிடித்து நிறுத்தியவை அங்கே தொங்கும் விளம்பரத் துணிகள். பலெர்மோ அரங்குகளின் வாசலில் தொங்கியவை. ஒரு பெரிய துணியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இரவுக் கதையை வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். இன்று எந்தக் கட்டம் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ் பக்கங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்து வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கதை மாதக்கணக்கில் போகும். சில அரங்குகளில் ஒரு வருடத்தையும் தொட்டுவிடும். 1858இலிருந்து ஜூஸ்தோ லோ தீக்கோ பகுதி பகுதியாக வெளியிட்ட பிரெஞ்சு வீரர்களின் வரலாறுதான் பாவையாட்டிகளின் மூலநூல். பலகை வாங்குகளில் வந்து இருந்தவர்கள் மீன் விற்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள். ஒர்லாந்தோ கட்சி, ரினால்தோ கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். ஒர்லாந்தோ சக்கரவர்த்தி சொல் தட்டாதவன். ரினால்தோ வறியவன், அநியாயம் கண்டால் சக்கரவர்த்தியையே எதிர்ப்பவன், நாடு கடத்தப்பட்டுக் காட்டில் கொள்ளையடித்துப் பிழைத்தவன். ஏழைகளின் மனம் ரினால்தோ பக்கமே சாய்ந்தது. காட்டிக்கொடுக்கும் கானோ மேடைக்கு வந்தால் கையில் கிடைத்ததை அவன்மேல் எறிவார்கள், காலில் கிடந்த சப்பாத்து உட்பட. யாருக்கும் கதை தெரியாமல் இல்லை. முடிவு எல்லாருக்கும் தெரியும்.

முடிவு ரொஞ்சிஸ்வாலே. கானோவின் துரோகத்தால் மலைக்கணவாயில் மாட்டிக்கொண்ட ஒர்லாந்தோ உதவிக்கு ஊத வேண்டிய கொம்பை மானத்துக்காக ஊதாமல் பிந்துகிறான். ஊதியபோது நரம்பு வெடிக்கிறது. அவனை எந்த வாளும் கொல்லவில்லை, தன் மூச்சாலேயே சாகிறான். அந்த இரவில் அரங்கம் அழும். மறுநாள் சந்தையில் பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஒரு நாள் பாவையாட்டி ஒர்லாந்தோவின் பிறப்பிலிருந்து மறுபடியும் தொடங்குவார். சலிப்பில்லாமல் திரும்ப வந்து உட்காருவார்கள்.

நான் பெடியளுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். பலெர்மோக்காரர் தங்கள் வீரனை முதலிலிருந்து தொடங்கினார்கள், ஆனால் அவனை முழுதாகச் சாகக் கொடுத்த பிறகுதான் தொடங்கினார்கள். சூப்பர்மேனுக்கு அது ஒருமுறையும் கிடைக்கவில்லை. ரீவின் சூப்பர்மேன் முடியவில்லை, கடை சாத்தப்பட்டது. ரௌத்தின் சூப்பர்மேனுக்கு ஒரு மகன் இருப்பதாகக் காட்டிவிட்டு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று சொல்லாமலே விட்டார்கள். காவிலுக்குச் செய்ததுதான் பெரிய கொடுமை. 2013இல் அறிமுகம், 2016இல் பேட்மேனோடு மோதிய படத்தின் கடைசியில் மரணம், அடுத்த வருடமே உயிர்ப்பு, 2022 டிசம்பரில் இனி நீங்கள் இல்லை என்ற அறிவிப்பு. 2016இல் அவன் சவப்பெட்டியின்மேல் மண் விழுந்தபோது திரையரங்கில் யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. எப்படி அழுவார்கள்? அவனோடு ஒரு படம் அளவுக்குத்தானே பழக்கம். அதே மரணம் 1992இல் காமிக்ஸில் வந்தபோது அமெரிக்காவில் மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு அவனோடு ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட உறவு.

வீரன் சாகலாமா என்பதில் நம் ஆட்களுக்கும் அழுத்தமான கருத்து உண்டு. 1962இல் வந்த 'பாசம்' படத்தில் எம்ஜிஆர் இறுதியில் இறந்துவிடுவார். ரசிகர்களால் அதைத் தாங்க முடியவில்லை, படமும் எடுபடவில்லை. அதைப் பாமரத்தனம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒருவனோடு நீண்ட தூரம் போக ஆயத்தமாக வந்தவர்களிடம் பாதி வழியில் பாடையைக் காட்டினால் வேறென்ன செய்வார்கள்? படுகளத்தில் துரியோதனன் விழுவதை விடிய விடியக் காத்திருந்து பார்க்கிறவர்களும் இதே மக்கள்தான். அங்கே பாரதம் பல நாள் நடந்திருக்கிறது, மரணத்துக்கு நேரம் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒர்லாந்தோ தமிழுக்கும் வந்திருக்கிறான். கேரளக் கடற்கரைக் கிறித்தவர்களின் சவிட்டு நாடகத்தில் மிகப் புகழ்பெற்றது காறல்மான் சரித்திரம். காறல்மான் சார்லமேன், றோல்தான் நம் ஒர்லாந்தோ. தமிழ் நிறையக் கலந்த அந்த நாடகத்தை எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி என்று மரபு சொல்கிறது. அதுவும் முன்பு பல இரவுகள் தொடர்ந்து ஆடப்பட்டது. அங்கே நடிகர்கள் பலகைமேடை அதிரக் காலை உதைப்பார்கள். இங்கே சண்டை உச்சத்தில் பாவையாட்டி மரத்தரையைக் காலால் அறைவார். குருநகரிலும் பாசையூரிலும் கடற்றொழிலாளர் கூத்தைப் பார்த்த எங்கள் தலைமுறைக்கு, பலெர்மோ மீன்சந்தைக்காரர் ஏன் அழுதார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப ஏன் மாமா இஞ்சையும் பாவைக்கூத்து நிண்டுபோச்சு?" என்று ஒருமுறை மூன்றாவது பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. நின்றுதான் போனது. 1943 மே மாதக் குண்டுவீச்சில் பழைய நகரம் நொறுங்கியது. வுச்சீரியாவின் கரஃபெல்லோ சதுக்கத்தின் இடிந்த சுவர்கள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. போருக்குப் பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடிகள் எழ, பழைய தெருக்களின் சனம் அங்கே போய்விட்டது. 1954இல் இத்தாலிக்குத் தொலைக்காட்சி வந்தது. வீரன் பலவீனமாகவில்லை, மறுநாள் இரவு நடந்து வரக்கூடிய தூரத்தில் ஆட்கள் இல்லை. இதே வுச்சீரியாவையே எடுத்துக்கொள்வோம். 1974இல் ரெனாத்தோ குத்தூசோ வரைந்த பெரிய ஓவியத்தில் இடமில்லாமல் பிதுங்கும் மீனும் இறைச்சியும் பழமும் இப்போது சில கடைகளாகச் சுருங்கிவிட்டன. பொழுதுபட்டால் குடிக்கவும் சாப்பிடவும் வருகிற இடமாகச் சந்தை மாறிவிட்டது. ஒரே சனம் தினமும் சந்திக்கும் இடம் போனால், தினமும் தொடரும் கதையும் போகும்.

கூத்து முற்றாக அழியவும் இல்லை. பாவையாட்டி மிம்மோ குத்திக்கியோ 1973இல் பாரா அல்லொலிவெல்லா தெருவில் தன் அரங்கைத் திறந்தார். 'காட்ஃபாதர்' மூன்றாம் பாகத்தில் தெருவில் பாவையாட்டுபவராக வருவாரே, அவர்தான். 2001இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பெருஞ்செல்வமாக அறிவித்தது. குத்திக்கியோ போன்றவர்களால்தான் பாவைகள் இன்றும் வாளைச் சுழற்றுகின்றன. ஆனாலும் இன்று பெரும்பாலும் நடப்பது ஓர் இரவில் தொடங்கி அன்றைக்கே முடியும் ஆட்டம். ஊர் பார்க்க வந்தவர் நாளை விமானம் ஏறிவிடுவார். கானோவுக்குச் சப்பாத்தால் எறியும் அளவு ஆத்திரம் அவருக்கு ஒரு மணிநேரத்தில் வராது.

டெக்ஸ் வில்லரையும் நினைத்துப் பார்க்கிறேன். தமிழில் லயன் காமிக்ஸ் வழியாக எத்தனையோ வீடுகளுக்குள் வந்த அந்தக் குதிரைவீரன் இத்தாலிக்காரன். 1948 செப்டம்பரில் ஜான்லூயிஜி பொனெல்லியும் ஓவியர் கல்லெப்பினியும் படைத்தது. இன்றும் மாதம் தவறாமல் பத்திரிகைக் கடைகளில் தொங்குகிறது. படம் மட்டும் 1985இல் ஒன்றே ஒன்று, ஜூலியானோ ஜெம்மா நடித்தது. ஓடவில்லை, தொடரவில்லை. ஜெம்மாவில் குறையில்லை. இறந்துபோன நவஹோ மனைவி, வளர்ந்து நிற்கும் மகன், முணுமுணுத்தபடியே கூட வரும் கிழ நண்பன் கார்சன் என்று டெக்ஸின் பாரம் முழுதும் வாசகர் மனதில் வருடக்கணக்காகச் சேர்ந்தது. அதில் ஒரு மந்திரக்கதையை மட்டும் பிய்த்து எடுத்துத் திரையில் வைத்தபோது தெரியாதவனுக்கு ஒட்டவில்லை, தெரிந்தவனுக்குப் போதவில்லை.

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் இயக்கிய புதிய படம் வந்தபோது பெடியள் எல்லாரும் சேர்ந்துதான் போனார்கள். கிரிப்டன் கிரகம் வெடிப்பதையும் குழந்தை வயலில் விழுவதையும் மறுபடி காட்டாமல், அவன் தன்னை உலகுக்குக் காட்டி மூன்று வருடம் ஆன பிறகு, ஒரு சண்டையில் தோற்று விழும் இடத்தில் கதையைத் தொடங்கியிருக்கிறார்கள். விளம்பரத் துணியின் நடுக்கட்டத்தில் தொடங்குகிற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. அடுத்ததை 2027 ஜூலைக்கு அறிவித்திருக்கிறார்கள். இதில் சூப்பர்மேனாக நடித்த டேவிட் கொரன்ஸ்வெட்டே அதிலும், அதற்கடுத்ததிலும், அதற்கும் அடுத்ததிலும் நடிக்க வேண்டும். அவருக்கு நரை விழ வேண்டும். காதலி லோயிஸோடு குடும்பம், அப்பா சாவு, ஊரின் வெறுப்பு எல்லாம் அவருக்கு வர வேண்டும். ஒரு படம் தோற்றாலும் கடையைச் சாத்தாமல் அடுத்ததை எடுக்க வேண்டும், பிறகு உரிய நேரத்தில் ரொஞ்சிஸ்வாலேயும் வர வேண்டும். இதைச் சொன்னால் காசின் மேல் பழி போட்டவன் தலையாட்டுகிறான், தயாரிப்பாளர்களைக் குறை சொன்னவள் சந்தேகப்படுகிறாள். பயம் வராது என்று சொன்ன மூன்றாவது பிள்ளைதான் கண் கலங்கக் கேட்கிறாள், சூப்பர்மேனைச் சாகவிட எனக்கு எப்படி மனம் வருகிறது என்று.