கார் பாலிஷ் போடும் முன்

அம்பத்தூர் எஸ்டேட் தூசியில் ஒரு வாரம் நின்றால் வெள்ளைக் காரும் சாம்பல் நிறமாகிவிடும். "புதுசு மாதிரி ஆக்கிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் உடனே சாவியைக் கொடுத்து விடுகிறார்கள். பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 40-50 மைக்ரான் தான், தலைமுடி அளவு கூட இருக்காது! காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகும். போனது திரும்ப வராது.

ஆவடியோ பூந்தமல்லியோ, நல்ல கடைக்காரர் முதலில் வண்டியைக் கழுவி, லைட் அடித்துக் கீறல்களைக் காட்டுவார். நகத்தில் தட்டுப்படும் கீறல் பாலிஷில் போகாது என்று அவரே சொல்லிவிடுவார் (வருமானம் குறைந்தாலும்). பானட்டில் ஒரு ஓரம் மட்டும் செய்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுபவர் 200 ரூபாய் குறைத்தாலும் வேண்டாம், வெள்ளைத் திட்டு விழும். வாஷ், பாலிஷ், கோட்டிங் மூன்றுக்கும் தனித்தனி ரேட் எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுக்கலாம்.