கிண்டர்டைக்கிலிருந்து பெரியப்பாவுக்கு

ராட்டர்டாம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியம்மா சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா?

நெதர்லாந்தின் கிண்டர்டைக் காற்றாலைப் படங்களைக் குடும்ப குரூப்பில் போட்டதும் எல்லோரும் கைதட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும்தான் "காத்து அடிக்கலேன்னா தண்ணிய என்னடா பண்ணுவான்?" என்று கேட்டீர்கள். மதகிலேயே காலம் தள்ளிய லஸ்கருக்குத்தான் அது தோன்றும். போனில் சொன்னால் உங்களுக்குப் பாதி காதில் விழாது என்பதால் எழுதுகிறேன்.

நம் பக்கம் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று கவலை. இங்கே தண்ணீர் வெளியே போய்த் தொலைந்ததா என்று கவலை. லெக், நோர்ட் என்ற இரண்டு ஆறுகள் கூடும் மூலையில் இருக்கிறது கிண்டர்டைக். பின்னால் இருக்கும் நிலமெல்லாம் ஆற்றைவிடத் தாழ்வு. மக்கிப்போன புல்லும் பாசியும் சேர்ந்த பொதபொதப்பான மண். நீரை வடித்தால் அமுங்கிவிடும். அமுங்கினால் இன்னும் தண்ணீர் தேங்கும், இன்னும் வடிக்க வேண்டும். ஆரம்பத்தில் கால்வாய் வெட்டி, கடல் வற்றத்தின்போது ஆறு தாழும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிட்டார்கள். நிலம் இறங்கிக்கொண்டும் ஆற்றுப்படுகை மேடேறிக்கொண்டும் போனதால் 18ஆம் நூற்றாண்டில் அந்த வழியும் போதவில்லை. 1738இல் நெடர்வார்ட் நீர்வாரியம் செங்கல்லால் எட்டு ஆலைகள் கட்டியது. 1740இல் எதிர்க்கரையில் ஓவர்வார்ட் வாரியம் மரத்தில் எண்கோணமாக, நாணல் வேய்ந்து எட்டு கட்டியது. பிறகு வந்தவற்றையும் பழையதையும் சேர்த்து இன்று 19 நிற்கின்றன. நீங்கள் காலண்டரில் பார்த்திருப்பது நாணல் வேய்ந்தவற்றைத்தான். எனக்குச் செங்கல் ஆலைகளைத்தான் பிடித்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆலைகள் தண்ணீரை நேரே ஆற்றில் கொட்டுவதில்லை. தாழ்ந்த கால்வாயிலிருந்து தூக்கி, கரை கட்டிய மேல்தேக்கம் ஒன்றில் விடுகின்றன. நாணல் மண்டிய அகலமான ஏரி மாதிரி இருக்கிறது அது. ஆறு இறங்கும்வரை தண்ணீர் அங்கே காத்திருக்கும். இறங்கியதும் மதகைத் திறப்பார்கள். காற்று ஒரு நேரம் வரும், ஆறு இன்னொரு நேரம் இறங்கும். இரண்டும் ஒத்துவராத நாட்களைச் சமாளிக்கத்தான் அந்தத் தேக்கம். காற்றே இல்லாமல் மழை மட்டும் நாள்கணக்கில் கொட்டினால்? அப்போது வயல் முழுகும்தான் பெரியப்பா. அதனால்தான் 1868இல் நீராவி இறைப்பு நிலையம் வைத்தார்கள்.

ஆலைக்கு உள்ளே நீங்கள் வந்து பார்க்க வேண்டும். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறக்குறைய 28 மீட்டர். நுனி தரையை உரசுவதுபோல வரும். குறுக்கே போனால் உயிர் போய்விடும் என்பதால் எதிரும் புதிருமாக இரண்டு வாசல். இறக்கை எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு மறுபக்க வாசலில் புழங்குவார்கள். இறக்கை மாட்டிய அச்சில் மரப்பல் வைத்த பெரிய சக்கரம். அது செங்குத்தாக நிற்கும் தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டு வீட்டின் நடுவே கீழே இறங்கி, அடியில் இன்னொரு பல்சக்கரத்தின் வழியாகத் துடுப்புச் சக்கரத்தைத் திருப்புகிறது. இரண்டு சுவர்களுக்கு இடையே, கைவிரல் நுழையாத இடைவெளியில் அந்தச் சக்கரம் ஓடித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது, ஆனால் அள்ளுகிற அளவு அசுரத்தனம்.

நான் வெகுநேரம் நின்று பார்த்தது ஒரு கதவை. சக்கரத்துக்கு அப்பால் கீலில் ஒற்றை மரக்கதவு. சக்கரம் தள்ளும்போது தண்ணீரே அதைத் திறந்துகொண்டு போகிறது. காற்று தளர்ந்ததும், மேலே ஏறிய தண்ணீர் திரும்பி வரப் பார்த்து அதே கதவைச் சாத்திவிடுகிறது. ஷட்டர் இல்லை, திருகு இல்லை, ராத்திரி எழுந்து ஓட ஆளும் வேண்டாம். உங்களை நினைத்துக்கொண்டேன்.

காற்று திசை மாறினால் ஆலையின் தலையை மட்டும் திருப்புகிறார்கள். தலையின் பின்பக்கமிருந்து தரைவரை இறங்கும் உத்திரங்கள். அடியில் ஒரு சுழல்சக்கரம். சங்கிலியை, ஆலையைச் சுற்றி நட்ட குத்துக்கல் ஒன்றில் மாட்டி, ஆரக்கால்களை மிதித்து ஏறினால் மேலே அத்தனை கனமும் மெல்ல நகர்கிறது. பிரேக்கும் மரம்தான். பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி மரக்கட்டைகள் இறுக்கிப் பிடிக்கும். புயலில் இறக்கை கட்டுமீறி ஓடும்போது பிரேக் போட்டால் மரத்தோடு மரம் உரசித் தீப்பிடிக்கும். பல ஆலைகள் அப்படித்தான் எரிந்து போயின. அதனால் மேகத்தைப் பார்த்து முன்கூட்டியே இறக்கைத் துணியைச் சுருட்டிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவுக்கும் நடுவில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். சுவரில் பதித்த அலமாரிதான் கட்டில். அதில் பாதி உட்கார்ந்தபடி உறங்குவார்களாம். கூலி போதாமல் விலாங்கு பிடித்தும் பிழைத்தார்கள். இதைவிட வேடிக்கை, பழைய காலத்தில் பல இடங்களில் காற்றுக்கே பிரபுவுக்கு வரி கட்ட வேண்டியிருந்தது! தண்ணீர்த் தீர்வை கேட்டால் முகம் சுளிக்கும் நம் ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் அந்தக் காற்றுரிமை இன்னும் ஒரு விதத்தில் உயிரோடு இருக்கிறது. ஆலைகளைச் சுற்றி மரமும் மாடியும் எவ்வளவு உயரம் போகலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காமல் இயந்திரங்கள் முடங்கியபோது, இந்தக் கிழங்களைத்தான் மறுபடி ஓட்டினார்கள். 1950 வாக்கில் அன்றாட வேலையிலிருந்து ஓய்வு. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இப்போது டிக்கெட், நினைவுப்பொருள் கடை, செல்ஃபிக் கூட்டம் எல்லாம் உண்டு. எனக்கு அது அலுப்புத்தான். ஆனால் ஆலைகளில் பலவற்றில் இன்னும் ஆலைக்காரக் குடும்பங்களே குடியிருக்கின்றன. சும்மா நிற்கவிட்டால் மரத்தில் வண்டு ஏறும், ஈரம் தங்கும் என்பதால் ஓட்டியே ஆக வேண்டும். நாட்டின் பல இடங்களில் சுழற்சியை எண்ணி ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். 1972இல் தொடங்கிய தன்னார்வ ஆலைக்காரர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆசிரியரும் குமாஸ்தாவும்கூட அங்கே வானம் பார்க்கவும் துணி கட்டவும் படித்து, பரீட்சையில் பாஸானால்தான் தனியாக ஓட்டலாம். கட்டடத்தைக் காப்பாற்றக் காசு போதும், கைப்பழக்கத்துக்கு ஆள் வேண்டும் என்று இவர்களுக்குப் புரிந்திருக்கிறது. நம் லஸ்கர் வேலையைப் படிக்க இப்படி யாராவது வரிசையில் நிற்பார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

இறக்கையை நிறுத்தும் கோணத்திலும் சேதி உண்டு. மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றால் வீட்டில் நல்ல காரியம். உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். 2014இல் இந்த நாட்டவர் பலர் பயணித்த எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது நாடெங்கும் ஆலைகள் துக்கக் கோணத்தில் நின்றன.

ஒரு வேலை உங்களுக்கு. இங்கே பல்சக்கரத்துக்குத் தேன்மெழுகும், அச்சின் கழுத்துக்குப் பன்றிக்கொழுப்பும் பூசுகிறார்கள். நீங்கள் மதகுத் திருகுக்கு என்ன போட்டீர்கள் என்று ஆலைக்காரர் ஒருவர் கேட்டார். கிரீஸ் வருவதற்கு முன்பு தாத்தா காலத்தில் என்ன போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த மாதம் அவரைப் பார்க்கும்போது சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்