நெறி கட்டுவது ஏன்?

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். ஆயினும் முத்துப் பிறக்கும் விதத்தை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகிறது. சிப்பியின் மெல்லிய உடலில் ஒரு சிறு புழு புகுந்துவிட்டால், சிப்பி அதைத் தன் ஒளிபொருந்திய பூச்சினால் சுற்றிச் சுற்றி மூடிச் சிறையிலிடுகிறது. அந்தச் சிறையைத்தான் நாம் பொன் கொடுத்து வாங்குகிறோம்.

நம் சரீரத்திலும் இத்தகைய காவல் உண்டு. இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்ணிய நாளங்களிலிருந்து ஓயாது கசிகிறது. அதில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் நேரே இரத்தத்திற்குத் திரும்புவதில்லை. தனிக் குழாய்கள் அதைத் திரட்டிச் செல்கின்றன, அதுவே நிணநீர். அதைச் செலுத்த இருதயம் இல்லை. நாம் நடக்கையில் தசைகள் அழுத்த, குழாய்களும் தாமே சுருங்க, அது மெல்ல மேலேறிக் கழுத்தின் அடியில் இரத்தத்தோடு கலக்கிறது. வழியில் கவட்டிலும் அக்குளிலும் கழுத்திலும் அவரை விதை போன்ற கணுக்கள் உள்ளன. துறைமுகத்தில் சுங்கத்தார் சரக்கைச் சோதிப்பதுபோல, அங்குள்ள வெள்ளணுக்கள் நிணநீரைச் சோதிக்கின்றன. கிருமியைக் கண்டதும் அவை பல்கிப் பெருகுகின்றன, கணு வீங்குகிறது. இதனையே நம் மக்கள் ‘நெறி கட்டியது’ என்கிறார்கள். ஒருமுறை கண்ட பகைவனை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்களும் அவற்றுள் உண்டு. சிப்பிக்கு இந்தப் பேறு இல்லை.

உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் பலர். காலில் சிப்பி கீறிய புண் இருக்க, கவட்டில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நொண்டி வருவார்கள். “நெறியைத் தேய்க்காதே, முதலில் காலைக் கழுவு” என்று நாம் சொல்வதுண்டு. காவலனை அடித்துக் கள்வனை விடலாமோ? வீக்கம் சில வாரங்களில் வற்றாவிடில் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

அக்குழாய்களையே பகைவன் கைப்பற்றுவதும் உண்டு. கொசுக்கடியால் உட்புகும் நூற்புழு அங்கே குடியேறி அவற்றைக் கெடுக்கிறது. நீர் தேங்கி யானைக்கால் உண்டாகிறது. கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை 1877-இல் பாட்ரிக் மான்சன் சீனத்தில் கண்டறிந்தார். தமிழ்நாட்டில் இந்நோயால் வருந்தியோர் அநேகர். மன்னார் வளைகுடாவின் அக்கரையிலுள்ள இலங்கையோ 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் மக்களுக்கு மாத்திரை வழங்கியது. அந்நோய் அங்கே பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அக்கரையில் கூடியது இக்கரையில் கூடாதா? கூடும். வீட்டருகே சாக்கடை நீர் தேங்காதிருக்கட்டும். சுகாதார ஊழியர் மாத்திரையுடன் வரும் இடங்களில் மறுக்காமல் விழுங்குவோம். பாதத்தில் பட்ட சிறு புண்ணையும் அன்றே கழுவுவோம். உள்ளிருக்கும் காவலனுக்கு நாம் செய்யக்கூடிய உதவி இதுவே.