துருப்பிடித்த மணல்மேடு

பாலைவனம் பார்க்க ராஜஸ்தான் எதற்கு சார்? திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு காயாமொழி பக்கம் பஸ் ஏறுங்கள். ஊர் தாண்டினால் குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி மேடு மேடாக மணல். பெயர் தேரிக்காடு.

ஏன் இந்தச் சிவப்பு? எல்லாம் துருவின் உபயம்! ஒவ்வொரு மணலும் மேலே இரும்பு ஆக்ஸைடைப் பூசிக்கொண்டிருக்கிறது. பி.காம். படித்த எனக்குத் துரு என்றாலே தேய்மானக் கணக்குதான் ஞாபகம் வரும். இங்கேயோ அதுவே சொத்து! நம் ரத்தம் சிவப்பாக இருப்பதற்கும் இரும்புதான் காரணம்.

தேரிகளில் கற்கால மனிதனின் குட்டிக் குட்டிக் கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஸாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப்பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள்.

ஆடிக் காற்று அடித்தால் மணல் இடம் மாறும். நேற்றைய தடம் இன்று இருக்காது. அதைப் பிடித்து நிறுத்துவது பனைமரம். அந்தப் பதநீரைக் காய்ச்சினால்தான் பேர்பெற்ற உடன்குடி கருப்பட்டி. ஆனால், பனை ஏற இப்போது ஆள் குறைவு.

"பனை போச்சுன்னா மண்ணு ஊருக்குள்ள வந்துரும் தம்பி. பெறவு யாரு கூட்டி அள்ள?" என்றார் டீக்கடைப் பெரியவர்.

ஒரு கிலோ கருப்பட்டி வாங்கினேன். பனை நிற்பதற்கு என்னாலான முதலீடு!